வகையில்லாமல் யாரும் வெளியே போனதில்லை

அந்த ஞாபகமறதிச் சோதனை மையத்தில் டோக்கனைக் காகிதத்தில் தர மாட்டார்கள். வாயால்தான் சொல்வார்கள். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருக்கும் பெண் தலையை நிமிர்த்தாமல், "நாப்பத்தாறு. ஞாபகம் வச்சுக்குங்க. மறந்தா மறுபடியும் வரிசையில கடைசி" என்பாள். அதோடு சரி. மதிப்பீடு வாசற்படியிலேயே ஆரம்பித்துவிடுகிறதாம். அதற்கென்று சுவரில் ஒரு பலகையும் மாட்டியிருந்தார்கள்: 'உங்கள் எண் உங்கள் பொறுப்பு.'

ஆகையால் அந்தக் கூடத்துக்குள் நுழைந்தால் தேன்கூட்டுக்குள் காதை வைத்த மாதிரி இருக்கும். நரைத்த தலைகள் எல்லாம் வாய்க்குள்ளேயே தங்கள் எண்ணை முணுமுணுத்துக்கொண்டிருக்கும். தெரியாத்தனமாகப் பக்கத்திலிருப்பவரிடம் மணி கேட்டுவிட்டால் தொலைந்தீர்கள். "பத்தேகால்" என்று அவர் சொல்லி வாயை மூடுவதற்குள் அவருடைய முப்பத்தொன்று பறந்துவிடும். அப்புறம் அடிதடி ஆகாத குறைதான். போன மாதம் ஒருவர் தும்மினார் என்பதற்காக நாலு பேர் வரிசையில் கடைசிக்குப் போனார்கள் என்று கூட்டுகிற அம்மா சொன்னாள்.

செக்கருக்கு இந்த ஏற்பாடு அடியோடு பிடிக்கவில்லை. ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். வேலை போயும் பெயர் போகவில்லை. தெருவில் எல்லாருக்கும் அவர் செக்கர்தான். "வாயால சொன்ன டிக்கெட்ட நம்பி நான் ஒருத்தனையாவது விட்டிருக்கேனா? இதென்ன கூத்து?" என்று மனைவியின் காதில் பொருமினார்.

"சும்மா இருங்களேன். நாப்பத்தாறு போயிடும்" என்றார் மனைவி.

மனைவி பூகோள டீச்சர். அவரும் ஓய்வு பெற்றவர்தான். கல்யாணமான புதிதில் கேலியாக "டீச்சர்" என்று கூப்பிட ஆரம்பித்த செக்கர் அதிலேயே நின்றுவிட்டார். பரீட்சை அறையில் மேற்பார்வைக்கு டீச்சர் வருகிறார் என்றால் அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் முதல் நாளே மனசு மாறிப் படித்துவிடுவார்களாம். சட்டைக் கையில் ஒளித்த பிட், செருப்புக்குள் மடித்த பிட், கட்டுப் போட்ட விரலுக்குள் சுருட்டிய பிட் என்று அத்தனையும் பிடித்தவர். ஒருமுறை தலைமையாசிரியரின் சொந்த மகனையே பிடித்து வெளியே நிற்க வைத்தார். அப்பேர்ப்பட்டவரைத்தான் இன்றைக்குப் பரீட்சைக்குக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்கள்.

கூட்டிக்கொண்டு வந்தவள் மகள். வெளியூரில் வேலை. ஒரு மாதத்துக்கு முன்னால் டீச்சர் காலையில் தலை வாரி, கைப்பையை எடுத்துக்கொண்டு, தான் ஓய்வு பெற்ற பள்ளிக்கூடத்துக்கே போய், ஏழாம் வகுப்புக்குள் நுழைந்து பாடம் நடத்திவிட்டார். பாதி பீரியட் வரை யாருக்கும் சந்தேகமே வரவில்லை. பாடம் நன்றாகத்தான் இருந்ததாம். வீட்டுப்பாடம் என்று வாயைத் திறந்த பிறகுதான் பிள்ளைகள் ஓடிப்போய் முறையிட்டார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து மகளுக்குப் போன் போனது. மகள் அடுத்த வண்டியைப் பிடித்து வந்து பார்த்தால், அடுப்பில் பால் பாத்திரம் கரிக்கட்டையாக இருந்தது, துணி அலமாரியில் செய்தித்தாளும் செய்தித்தாள் இருக்கிற இடத்தில் துணியும் இருந்தன. அப்பாவோ, "இதெல்லாம் எல்லார் வீட்லயும் நடக்கிறதுதானே" என்று முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டிருந்தார்.

"நான் ஒண்ணும் சொல்லலப்பா. மறதி எந்த வகைன்னு மையத்துல சொல்லட்டும்" என்றாள் மகள். "ரெண்டாம் வகைக்குள்ள வந்தா நான் வாயத் திறக்க மாட்டேன். அம்மா உங்ககூடவே இருக்கட்டும். மூணாம் வகைன்னா எங்க ஊர்ல இருக்கிற இல்லத்துக்கு வந்துடணும். பேச்சே கிடையாது."

இல்லத்துக்குச் செக்கரே போன் போட்டு விசாரித்தார். மூன்றாம் வகைக்காரர்களுக்கு மட்டும்தான் இடம், துணைக்கு வருகிறவர்களுக்குக் கிடையாது என்றார்கள். கணவன் என்றார். "அதனால என்ன சார், நீங்களும் மூணாம் வகை வாங்கிட்டு வாங்க, பக்கத்து ரூமே தர்றோம்" என்று மிகுந்த அன்போடு சொன்னார்கள். செக்கர் போனை வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய், அங்கே டீச்சர் பாத்திரம் கழுவுவதைப் பார்த்தபடி நின்றார். அவர் இல்லாமல் அந்த வீட்டில் தான் எங்கே உட்காருவது என்றுகூடச் செக்கருக்குத் தெரியவில்லை.

அன்று சாயங்காலமே மருந்துக்கடைக்காரரிடம் போய் மனசை இறக்கி வைத்தார். மருந்துக்கடைக்காரர் சிரித்தார். அவருடைய மாமனார், மாமியார், பெரியப்பா என்று மூன்று பேர் அந்த மையத்துக்குப் போய் வந்திருக்கிறார்கள். "அட நீங்க ஒண்ணு! அங்க கேள்விய மாத்தவே மாட்டாங்க. அஞ்சு வார்த்தை சொல்வாங்க, கொஞ்ச நேரம் கழிச்சுத் திருப்பிச் சொல்லச் சொல்வாங்க. குடை, ஆரஞ்சு, பாலம், சீப்பு, நீலம். எங்க பெரியப்பா காலத்துலேர்ந்து அதேதான். கேள்விய மாத்தணும்னா கமிட்டி கூடணுமாம். கமிட்டி எப்பக் கூடணும்னு முடிவு பண்ண இன்னொரு கமிட்டி கூடணுமாம்."

வாழ்நாள் முழுக்கத் திருட்டுப் பயணிகளைப் பிடித்தவர், வாழ்நாள் முழுக்கப் பிட் அடித்தவர்களைப் பிடித்தவருக்கு, அன்றைக்கே பிட் தயாரிக்க உட்கார்ந்தார். அதுவும் நேராகச் சொன்னால் டீச்சர் தோலை உரித்துவிடுவார் என்று, மூளைக்குப் பயிற்சி என்று சொல்லி வைத்தார். காலை டீயோடு ஒருமுறை, சாயங்காலம் நடந்து வரும்போது ஒருமுறை. குடை, ஆரஞ்சு, பாலம், சீப்பு, நீலம். மனசில் பதியட்டும் என்று குடையை விரித்துக் கூடத்தில் வைத்தார். ஆரஞ்சுப் பழத்தை டிவி மேல் வைத்தார். பாலத்துக்கு எங்கே போவது? காலண்டரிலிருந்து ஒரு படத்தைக் கிழித்துக் குளியலறைக் கண்ணாடியில் ஒட்டினார்.

"எதுக்குங்க டிவி மேல ஆரஞ்சு?" என்றார் டீச்சர்.

"அழகுக்கு."

"குடை?"

"அதுவும் அழகுக்குத்தான்."

டீச்சர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "மகள்கிட்டச் சொல்லி உங்களையும் ஒருதடவை காட்டிட்டு வரணும்" என்றார்.

இப்படியாகத் தயாரிப்பை முடித்துக்கொண்டுதான் நாற்பத்தாறாவது எண்ணோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

முறை வந்ததும் மூன்று பேரையும் ஒரு சின்ன அறைக்குள் விட்டார்கள். அங்கே மதிப்பீட்டாளர் என்று ஒரு பெண் இருந்தாள். சிரித்த முகம்தான், ஆனால் சிரிக்கக் கூடாது என்று உத்தரவு. சிரித்தால் அது நோயாளிக்குக் குறிப்புக் கொடுத்த மாதிரி ஆகிவிடுமாம். குரலும் ஏறி இறங்கக் கூடாது. கையிலிருந்த தாளை எழுத்துப் பிசகாமல் வாசித்தாள்.

"வணக்கம். இது பரீட்சை அல்ல. நீங்கள் பதற்றப்படத் தேவையில்லை. உங்களுக்கான நேரம் தொடங்கிவிட்டது."

முதலில் ஒரு கடிகாரம் வரையச் சொன்னாள். முள் நாலரை மணியைக் காட்ட வேண்டும்.

"காம்பஸ் எங்கம்மா?" என்றார் டீச்சர்.

"கையால வரையணும்."

"கையால வட்டம் போட்ட பிள்ளைக்கு நான் மார்க்கே போட்டதில்ல. ஸ்கேலாவது குடு."

பெண் தாளைப் புரட்டிப் பார்த்தாள். ஸ்கேல் கேட்டால் என்ன சொல்வது என்று அதில் இல்லை. 'பதில் இல்லை' என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டாள். டீச்சர் முகம் சுருங்கியது. கோடு போட்ட சத்தத்தை வைத்தே அது நல்ல கோடா கெட்ட கோடா என்று சொல்லிவிடுகிறவர் அவர். பேசாமல் கையால் ஒரு வட்டம் போட்டார். வட்டம் நன்றாகத்தான் வந்தது. எண்கள் பன்னிரண்டும் வந்துவிட்டன. முள்ளைப் போடுகிற இடத்தில் பென்சில் நின்றது. நாலரை எங்கே இருக்கிறது என்று டீச்சர் தேடினார். வட்டத்தைச் சுற்றிச் சுற்றிப் பென்சில் போய் வந்தது. செக்கர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அதற்கும் ஒன்றும் பயனில்லை, அதில் பதினொன்றேகால்.

"பரவாயில்லை. அடுத்தது" என்று பெண் தாளில் இருந்ததைப் படித்தாள். "நான் இப்போது ஐந்து சொற்கள் சொல்வேன். கவனமாகக் கேளுங்கள்."

செக்கர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இதற்குத்தானே இத்தனை பாடு!

"குடை. ஆரஞ்சு. பாலம். சீப்பு. நீலம்."

டீச்சர் பென்சிலைக் கீழே வைத்தார். மெதுவாகத் திரும்பிக் கணவரைப் பார்த்தார். ரயிலில் எத்தனையோ பேர் கழிப்பறைக் கதவுக்குப் பின்னால் பிடிபட்ட சமயத்தில் எப்படி விழித்தார்களோ, செக்கர் அப்படி விழித்தார்.

"என்னங்க."

"ம்?"

"குடை அழகுக்கா?"

செக்கர் திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி உட்கார்ந்திருந்தார். டீச்சர் எழுந்து நின்றார்.

"இதப் பாரும்மா. இது வெளிய வந்துட்ட பேப்பர். இவர் ஒரு வாரமா எனக்கு இந்த அஞ்சையும் சொல்லிக் குடுத்திருக்கார். குடை, ஆரஞ்சு, பாலம், சீப்பு, நீலம். நல்லாத் தெரியும் எனக்கு. ஆனா எழுத மாட்டேன். என் பதிலை எடுத்துக்காதே. வேற பேப்பர் கொண்டா."

"அம்மா!" என்றாள் மகள். அப்புறம், "அப்பா!" என்றாள்.

மதிப்பீட்டாளர் தாளைப் புரட்டினாள். சரி என்றால் ஒரு கட்டம், தவறு என்றால் ஒரு கட்டம், பதில் இல்லை என்றால் ஒரு கட்டம். சரியான பதிலைச் சொல்லிவிட்டு அதை எடுத்துக்கொள்ளாதே என்று சொல்கிறவர்களுக்குக் கட்டமே இல்லை. இத்தனை வருஷத்தில் அப்படி ஒருத்தர் வந்ததில்லை. அவள் மேஜைக்கு அடியில் இருந்த சிவப்பு பொத்தானை அமுக்கினாள்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதையாகிவிட்டது. மேலே கமிட்டி கூடுவதாகத் தகவல் வந்தது. அதற்குள் ஒரு வேலை பாக்கி என்றாள் மதிப்பீட்டாளர். நோயாளியைப் பற்றித் தகவல் சொல்கிறவர் நம்பத் தகுந்தவர்தானா என்று சோதிக்க வேண்டும். பேப்பரை வெளியே விட்டவர் என்பதால் செக்கருக்குச் சோதனை கட்டாயம்.

"இன்றைக்குத் தேதி என்ன?"

"ஓய்வு பெத்தவனுக்கு எதுக்கும்மா தேதி?" என்று செக்கர் கைக்கடிகாரத்தைப் பார்க்கப் போனார். பார்க்கக் கூடாதாம். ஒரு கோடு.

"உங்கள் துறையின் அமைச்சர் பெயர் என்ன?"

"அந்தாளு பேரச் சொன்னா வாயக் கழுவணும்."

"பெயர்?"

"நல்ல வார்த்தையா எதாவது கேளும்மா."

இன்னொரு கோடு. சற்று முன் சொன்ன ஐந்து சொற்களைத் திருப்பிச் சொல்லச் சொன்னாள். ஒரு வாரமாக ஊரார் காதெல்லாம் புளிக்கிற அளவுக்குச் சொல்லிக் கொடுத்தவர், அந்தக் கலவரத்தில் குடை, ஆரஞ்சு, சீப்பு வரைக்கும் வந்து நின்றார். நடுவில் ஒன்று விட்டுப்போயிற்று, கடைசி ஒன்று வரவேயில்லை. மகளைப் பார்த்தார். மகள் வேறு பக்கம் பார்த்தாள். டீச்சரைப் பார்த்தார். டீச்சருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. ஆனால் பரீட்சை அறையில் அவர் யாருக்கும் உதட்டை அசைத்ததில்லை.

கமிட்டி அறையில் நீள மேஜை. நடுவில் பெரிய டாக்டர். அவருக்கு ஒரு பக்கம் மார்க் டாக்டர், மறுபக்கம் படம் டாக்டர். மார்க் டாக்டருக்கு எல்லாம் மதிப்பெண்தான். தலைக்குள் எடுத்த படம் எல்லாம் வீட்டில் மாட்டி வைத்துக்கொள்ளத்தான் ஆகும் என்பது அவர் கட்சி. படம் டாக்டருக்கோ எல்லாம் படம்தான். நோயாளி வாயைத் திறந்தால் படம் கலங்கிவிடும் என்பது அவர் கட்சி. இரண்டு பேரும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை. பெரிய டாக்டர் வழியாகத்தான் பேசுவார்கள்.

"இந்தம்மா சரியான விடையைச் சொல்லிட்டு வேண்டாம்னுட்டாங்க" என்றார் மார்க் டாக்டர். "நேர்மை அப்படியே இருக்கு. அதனால முதல் வகை. இவர்கிட்டச் சொல்லுங்க."

"சொந்தப் புருஷனையே நாலு பேர் முன்னால காட்டிக் குடுத்திருக்காங்க" என்றார் படம் டாக்டர். "சமூகத்துல எப்படி நடந்துக்கணும்கிற இடம் மூளையில சுருங்கியிருக்கு. படம் எடுக்காமலே தெரியுது. மூணாம் வகை. அவர்கிட்டச் சொல்லுங்க."

மூணாம் வகை என்ற வார்த்தை காதில் விழுந்ததும் செக்கரின் கை தானாகப் போய் டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டது.

"அப்படிப் பாத்தா கட்டின பொண்டாட்டிக்கே பிட் குடுத்தவர எந்த வகையில சேக்கறது?" என்றார் மார்க் டாக்டர்.

"அது ஆசை. ஆசைக்கு நம்மகிட்ட வகை இல்ல" என்றார் படம் டாக்டர், மறந்துபோய் நேராகவே. பிறகு சுதாரித்துக்கொண்டு, "அவர்கிட்டச் சொல்லுங்க" என்றார்.

ஒரு மணி நேரம் இது நடந்தது. ஒரு கட்டத்தில், கடிகாரத்துக்கு முள் போட வராததை மறைக்கத்தான் டீச்சர் நேர்மையைக் கையில் எடுத்தாரோ என்று ஒரு சந்தேகம் கிளம்பியது. அதற்கு 'சாமர்த்தியமான மறைப்பு' என்று பெயர் வைத்து, அந்தப் பெயரை யார் முதலில் வைத்தது என்று சண்டை வந்தது. மேஜைக்கு இந்தப் பக்கம் டீச்சர் இருப்பதையே எல்லாரும் விட்டுவிட்டார்கள். டீச்சர் பொறுமையாகச் சன்னலுக்கு வெளியே ஒரு மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் பெரிய டாக்டர் தொண்டையைச் செருமினார். அவர் பேச ஆரம்பித்தால் மற்ற இரண்டு பேரும் குறிப்பெடுப்பது வழக்கம்.

"நம்ம மையத்தப் பத்தி வெளிய ஆயிரம் பேசுவாங்க. இங்க யாரும் குணமாகலையேன்னு கேப்பாங்க. நான் கேக்கறேன், குணமாக்கறோம்னு நாம என்னிக்காவது சொன்னோமா? வகைப்படுத்தறோம்னுதான் சொன்னோம். அதுல நாம தோத்ததே கிடையாது. வகையில்லாம இங்கேர்ந்து ஒருத்தரும் வெளிய போனதில்ல. போன வருஷம் குழாய் ரிப்பேருக்கு ஒருத்தர் வந்தார். ஸ்பேனரை எங்கயோ வச்சுட்டுத் தேடினார். அவரையே நாம வெறுங்கையோட அனுப்பல. ரெண்டாம் வகை குடுத்துத்தான் அனுப்பினோம்."

"குழாய்?" என்றார் செக்கர்.

"அது இன்னும் ஒழுகுது. விஷயம் அதில்ல." பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பேப்பர் வெளிய போயிடுச்சு. அதனால இந்தம்மாவோட மதிப்பீடு செல்லாது. புது பேப்பருக்கு வேற கமிட்டி கூடணும். அது வரைக்கும் இவங்க வகை நிலுவையில இருக்கும். சாருக்கு இன்னிக்குச் சோதனையில ரெண்டாம் வகை வந்திருக்கு. வாழ்த்துக்கள். ரெண்டாம் வகைக்குப் பராமரிப்பாளர் ஒருத்தர் பேர் குடுத்தாத்தான் கம்ப்யூட்டர் ஏத்துக்கும். ஒரே வீட்ல இருக்கறவங்களா இருக்கணும். வேற யார் இருக்கீங்க வீட்ல?"

"நான்தான்" என்றார் டீச்சர்.

"நல்லது. அப்போ இவருக்கு நீங்க பராமரிப்பாளர்."

வேலிக்கு ஓணான் சாட்சி என்று மனசுக்குள் நினைத்தாள் மகள். டீச்சரின் கழுத்தில் 'பராமரிப்பாளர்' என்று ஒரு அட்டையை மாட்டினார்கள். கூடவே ஒரு துண்டுப் பிரசுரம். அவரிடம் பொறுமையாகப் பேசுங்கள், அவர் சொல்வதைத் திருத்தாதீர்கள் என்று போட்டிருந்தது. டீச்சர் அதை வாசித்துவிட்டு, "கல்யாணத்தன்னிக்கே குடுத்திருக்கலாம்" என்றார்.

செக்கர் எழுந்து கைகூப்பாத குறையாக நின்றார். "டாக்டர், வகையெல்லாம் இருக்கட்டும். ஒரே ஒரு சந்தேகம். வீட்ல நான் என்ன பண்ணணும்? இவ ஒரு விஷயத்த மறந்தா நான் என்ன சொல்லணும், எப்படிச் சொல்லணும்? அத யாராவது சொன்னாத் தேவலை."

மூன்று டாக்டர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்று அவர்கள் ஒற்றுமையாகச் செய்த காரியம் அது ஒன்றுதான்.

"அது எங்க துறையில வராது" என்றார் பெரிய டாக்டர். "என்ன பண்ணணும்கிறதுக்குத் தனியா ஒரு மையம் வருது. கட்டிடம் முடிஞ்சிடுச்சு. என்ன பேர் வைக்கிறதுன்னுதான் இழுபறி."

வெளியே வந்து வாசலில் இருந்த சிமென்ட் பெஞ்சில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். மகள் வெடித்துவிட்டாள்.

"உங்களுக்கு என்னப்பா ஆச்சு? ஒரு முடிவு தெரியும்னு லீவு போட்டு ஓடி வந்தேன். இப்போ நிலுவைங்கிறாங்க. ரெண்டா, மூணா? நான் என்ன பண்ணட்டும்? அம்மாவக் கூட்டிட்டுப் போறதா, விட்டுட்டுப் போறதா?"

"விட்டுட்டுப் போ. அதான் மூணுன்னு முடிவா யாரும் சொல்லலையே."

"ஒண்ணுன்னும் சொல்லலையே!"

"நல்லாத்தாம்மா இருக்கா. எல்லாருக்கும் வர்றதுதான்..."

"என்கிட்ட யாராவது கேட்டீங்களா?" என்றார் டீச்சர்.

இரண்டு பேரும் நிறுத்தினார்கள். டீச்சர் கழுத்து அட்டையைக் கழற்றி மடியில் வைத்திருந்தார்.

"என்னம்மா கேக்கணும்?" என்றாள் மகள்.

"காலையிலேர்ந்து என்னென்னமோ கேட்டாங்க. கடிகாரம் கேட்டாங்க, குடை கேட்டாங்க. பயமா இருக்கான்னு ஒருத்தர் கேக்கல. அவங்கள விடு. இவர் ஒரு வாரமா என்கூட உக்காந்தார். இவர் கேட்டாரா?"

செக்கர் டீச்சரின் மடியிலிருந்த அட்டையைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியாம இருக்குமா? பால் கருகினது தெரியாதா? பள்ளிக்கூடத்துலேர்ந்து உன்னைக் கூப்பிட்டது தெரியாதா? நாலரை எங்க இருக்குன்னு தேடினேனே, அது கிடைக்கலன்னு எனக்குத் தெரியாதா? வீட்ல ஏதாவது தப்பாப் பண்ணிட்டு இவர் முகத்தப் பாப்பேன். இவர் ஒண்ணுமே நடக்காத மாதிரி பேப்பர் படிப்பார். வீட்ல ரெண்டு பேர் இருக்கோம், ஆனா நான் மட்டும் தனியா மறந்துகிட்டிருக்கேன். எனக்குப் பயமா இருக்கு. ரொம்பப் பயமா இருக்கு."

டீச்சர் அழவில்லை. செக்கர்தான் அழுதார். மூக்கை உறிஞ்சி, கைக்குட்டையைத் தேடி, அது இல்லாமல் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டு அழுதார்.

"போன வாரம்" என்று மகளிடம் சொல்ல ஆரம்பித்தார். மூக்கைத் துடைத்தார். மறுபடி ஆரம்பித்தார். "போன வாரம் ஒருநாள் காலையில என்னைப் பாத்து, நீங்க யாருன்னு கேட்டா. மரியாதையாத்தான் கேட்டா. நான் பதில் சொல்லாம குளியலறைக்குள்ள போய்க் கதவச் சாத்திகிட்டேன். கொஞ்ச நேரம் கழிச்சு வந்தேன். டீ ஆறிடும்னு திட்டினா. சரியாயிடுச்சுன்னு நினைச்சுகிட்டேன். யார்கிட்டயும் சொல்லல. பயந்துட்டேம்மா."

மூணா ரெண்டா என்று கேட்டுக்கொண்டிருந்த மகள், அப்பாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இந்த முடிவை எடுக்க இனி எந்தக் கமிட்டியும் கூடப்போவதில்லை என்பது அவளுக்குப் புரிந்துபோயிற்று. தான்தான் எடுக்க வேண்டும். தைரியமில்லாததால்தான் இத்தனை தூரம் வந்தோம் என்பதும் சேர்ந்து புரிந்தது.

"நான் கேட்டேனா?" என்றார் டீச்சர், கணவரைப் பார்த்து. "நீங்க யாருன்னா?"

"ஆமா."

"அப்பப் பதில் சொல்லணும்ல? கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாம குளியலறைக்குள்ள ஓடினா என்ன அர்த்தம்?"

"என்ன சொல்றதுன்னு தெரியல."

"நீங்க யாரோ அதைச் சொல்லுங்க. நாளைக்கும் கேப்பேனோ என்னமோ. கேட்டா, மூஞ்சியத் தூக்கி வச்சுக்காம சொல்லுங்க."

"சொல்றேன்."

"பத்து தடவை கேட்டாலும்?"

"பத்து தடவையும் சொல்றேன் டீச்சர்."

"நீ கேட்டா நானும் பதில் சொல்லலாமாம்மா?" என்றாள் மகள். "ரெண்டு மாசம் லீவு கேக்கப் போறேன். இங்கதான் இருக்கப் போறேன். அதுக்கப்புறம் என்னன்னு நாம மூணு பேரும் உக்காந்து பேசுவோம்."

டீச்சர் அவள் பக்கம் திரும்பினார்.

"சொல்லு. ஆனா ரெண்டு பேரும் ஒண்ணு ஞாபகம் வச்சுக்குங்க. நான் யோசிச்சுகிட்டு இருக்கறப்போ முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்கிட்டுச் சொல்லக் கூடாது. முதல்ல நானே தேடிப் பாக்கணும். எவ்வளவு நேரம் ஆனாலும் காத்துக்கிட்டு இருக்கணும். எனக்குத் தெரியலன்னு நானே சொல்வேன். சொன்னப்புறம் சொல்லுங்க."

"சரி" என்றார் செக்கர்.

"சரிம்மா" என்றாள் மகள்.

வீட்டுக்குப் போக எழுந்தார்கள். வாசலைத் தாண்டியதும் சாலை இரண்டாகப் பிரிந்தது. டீச்சர் முன்னால் போய் நின்று, இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார். செக்கருக்கு வாய் துறுதுறுத்தது. மகள் அவர் கையை அழுத்தினாள். இரண்டு பேரும் பின்னால் நின்று காத்திருந்தார்கள்.